மண்டபத்துச் சாவி

வணக்கம் அம்மா,

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் குழுவில் இருக்கிறேன். புதுசாக நாடகம் போட வேண்டும், உதவுங்கள் என்று பிள்ளைகள் சிலர் எங்களிடம் வந்தார்கள். வருடக் கடைசியில் ஒரு நாடகப் போட்டி வைக்கலாம் என்று யோசிக்கிறோம். முதல் பரிசு 20,000 ராண்ட். முழுப் பிரதியை முன்கூட்டியே தர வேண்டும், நாடகம் தமிழில் இருக்க வேண்டும், இந்த இரண்டுதான் நிபந்தனை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள ஐயா,

பிள்ளைகள் கேட்டதும் கதவைச் சாத்தாமல் யோசிக்க உட்கார்ந்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. ஆனால் போட்டி வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பரிசு, நாடகம் முடிந்த பிறகு வருகிறது. அவர்கள் கஷ்டமெல்லாம் அதற்கு முன்னால். ஒத்திகை பார்க்க இடம் கிடையாது. ராத்திரி நேரமானால் டாக்சி கிடைப்பது பெரும்பாடு. பகலெல்லாம் கடையில் நின்றுவிட்டு வருகிற பிள்ளை பசியோடுதான் வரும். அந்த 20,000 ராண்டை ஐந்து குழுக்களுக்கு நாலாயிரமாகப் பிரித்து இப்போதே கொடுத்துவிடுங்கள். வண்டிக்கூலி, டீ, பிரதி எடுக்கிற செலவு என்று கொஞ்ச நாள் தாங்கும்.

பணத்தைவிடப் பெரிய சொத்து உங்களிடம் இருக்கிறது. மண்டபம். கல்யாணமோ பூஜையோ இல்லாத நாளில் பூட்டித்தானே கிடக்கிறது? மூன்று மாதத்துக்குப் புதன்கிழமை சாயங்காலம் சாவியை அவர்கள் கையில் கொடுங்கள். எதுவரை வந்திருக்கிறது என்று வாராவாரம் போய்க் கேட்காதீர்கள்.

அப்புறம், முழுப் பிரதி என்கிற நிபந்தனை. ‘வோசா ஆல்பர்ட்!’ என்கிற நாடகம் 1981-இல் ஜோஹன்னஸ்பர்க் மார்க்கெட் தியேட்டரில் மேடையேறியது. (பழைய இந்தியப் பழச்சந்தைக் கட்டடம்தான் அந்தத் தியேட்டர். அங்கே போகும்போதெல்லாம் எனக்கு நம் ஆட்களின் கூடைகள்தான் நினைவுக்கு வரும்.) பெர்ஸி ம்ட்வாவும் ம்பொங்கேனி ங்கேமாவும் இன்னொருவரின் நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தபோது அவர்களுக்கு ஒரு யோசனை வந்தது: நிறவெறி ஆட்சி நடக்கிற இந்த நாட்டுக்கு இயேசு திரும்பி வந்தால்? நடித்து நடித்துத்தான் காட்சிகளைப் பிடித்தார்கள். பிறகு இயக்குநர் பார்னி சைமன் கூட உட்கார்ந்து அதற்கு உருவம் கொடுத்தார். இரண்டே நடிகர்கள். வெள்ளைக்காரராக மாற ஓர் இளஞ்சிவப்பு மூக்கை மாட்டிக்கொண்டால் போதும். முதல் நாளே முழுப் பிரதி கேட்டிருந்தால் அவர்கள் எதைக் கொடுத்திருப்பார்கள்?

நம் தெருக்கூத்தும் அப்படித்தான். இந்த ஊரில் அதற்கு சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று பெயராகிவிட்டது. பெரியவர்கள் பக்கத்தில் இருந்து, பாட்டைக் காதில் வாங்கித்தான் அதைக் கற்றார்கள்.

தமிழ் நிபந்தனையில் எனக்கு உங்களைவிட ஆசை அதிகம். ஆனாலும் அதை எடுத்துவிடுங்கள். 1964-இல் ஷா தியேட்டர் அகாடமியைத் தொடங்கிய ரானி கவெண்டர், மவுண்ட் எட்ஜ்கோம்ப் ஊரில் ஒரு பாரில் நடக்கும் ‘தி லானீஸ் ப்ளெஷர்’ நாடகத்தை நம் டர்பன் ஜனங்கள் பேசுகிற ஆங்கிலத்தில்தான் எழுதினார். உங்கள் போட்டியில் அதற்கு இடமில்லை, ஐயா.

போன மாதம் எங்கள் வீட்டு வராந்தாவில் ஒரு பெண் தன் பாதி நாடகத்தைப் படித்தாள். ஆயா இறந்த பிறகு பேத்தி அலமாரியைக் காலி செய்கிற காட்சி. எல்லாம் ஆங்கிலம், ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைத் தவிர. பேத்தி கிளம்பும்போதெல்லாம் ஆயா ‘பத்திரம்’ என்று சொல்வாராம். போய்வா என்று அர்த்தம் என நினைத்து எழுதியிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்த ஒரு தாத்தா, ஜாக்கிரதையாகப் போ என்று அர்த்தம், அதோடு வீட்டுப் பத்திரத்தையும் அப்படித்தான் சொல்வோம் என்றார். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். டர்பன் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த வீட்டை, இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்ற நிறவெறிக் கால குரூப் ஏரியாஸ் சட்டத்தில் பறிகொடுத்த குடும்பம் அது. அடுத்த வாரம் அந்தக் காட்சி வேறாக வந்தது: அலமாரியின் அடித்தட்டில், புடவைக்குள் மடித்து வைத்த ஒரு காகிதம்.

முடிந்த நாடகமாக இருந்தால் கைதட்டிவிட்டுப் போயிருப்போம். எனக்கு அப்படித்தான் நடந்தது. இருபத்திரண்டு வயதில் என் முதல் நாடகத்துக்கு ஒரு மண்டபத்தில் ஒரே ஒரு நாள் தந்தார்கள். ஒத்திகை வீட்டுப் பின்கட்டில். ஆட்டம் முடிந்ததும் நல்லா இருந்துச்சு பாப்பா என்றார்கள், அவ்வளவுதான். எது சரியில்லை என்று சொல்ல ஆளில்லாமல் நாலு வருடம் நான் எதையும் எழுதவில்லை.

அதனால் மாதம் ஒரு புதன்கிழமை உங்கள் கோயில் பெரியவர்கள் பத்துப் பேரை அழைத்து அந்தப் பிள்ளைகள் முன்னால் உட்கார வையுங்கள். முதலில் பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும், பெரியவர்கள் பதில் சொல்லட்டும். மார்க் போடுகிற வேலை யாருக்கும் வேண்டாம்.

எந்தப் புதன்கிழமை ஆரம்பிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். முதல் நாள் டீ போட நானும் வருகிறேன்.

அன்புடன்.