புல்லைக் கொத்தாதீர்கள், மடித்துப் போடுங்கள்

கேள்வி: அயர்லாந்தில் மேயோ கடலோரம் குடிவந்திருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் புல்தரை. களிமண், மழை பெய்தால் நாள்கணக்கில் தண்ணீர் நிற்கிறது. போன வருடம் கொத்தி நட்ட உருளைக்கிழங்கு அழுகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் 'லேஸி பெட்' போடச் சொல்கிறார். அது எப்படி?

பதில்: பெரியவர் பேச்சைக் கேளுங்கள். உங்கள் மண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான முறை இல்லை. பெயர்தான் 'சோம்பேறிப் பாத்தி'. வேலை இடுப்பை ஒடித்துவிடும்.

மூன்றரை அடி அகலத்துக்குக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் புல்லைத் தொடவே வேண்டாம். அதன்மேல் தொழுவுரமோ கடற்பாசியோ பரப்பி, விதைக்கிழங்கை ஓரடிக்கு ஒன்றாக வையுங்கள். பிறகு இரண்டு பக்கமும், மடித்தால் பாத்தியின் நடுவரை எட்டும் அகலத்துக்குப் புல்கரணை (வேரும் மண்ணும் சேர்ந்த புல் துண்டு) வெட்டி, பாத்திப் பக்கம் ஒட்டியிருக்கும் விளிம்பை அறுக்காமல் அப்படியே உள்ளே மடித்துக் கவிழ்க்க வேண்டும். புல்லும் புல்லும் முகம் பார்த்துக் கிடந்து மட்கும், கிழங்குக்கு உரமாகும். இதற்கென்றே 'லாய்' என்ற ஒடுக்கமான, ஒரு பக்கம் மட்டும் கால் வைத்து மிதிக்கும் மண்வெட்டி அங்கே உண்டு. சாதாரண ஸ்பேடும் போதும்.

வெட்டிய இடத்தில் வாய்க்கால் விழுகிறது அல்லவா, இந்த முறையின் உயிர் அதுதான். கிழங்கு மேட்டில், தண்ணீர் பள்ளத்தில். பாத்தியைச் சரிவின் குறுக்கே போட்டால் நீர் தேங்கிவிடும். மேலிருந்து கீழாகவே போடுங்கள். முளை தலைகாட்டியதும் வாய்க்கால் மண்ணையே அள்ளி அணையுங்கள், சில வாரம் கழித்து இன்னொரு முறை. மண் அணைக்க அணைக்க வாய்க்காலும் ஆழமாகும்.

நடவுக்கு மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாளை ஒட்டித் தொடங்குவது வழக்கம். மண் சில்லென்று ஈரமாகக் கிடந்தால் ஏப்ரல் வரை பொறுங்கள். கடற்பாசியைப் புயலுக்குப் பிறகு கரையில் அள்ளலாம். ஆனால் சில கரைகளில் அந்த உரிமை குறிப்பிட்ட குடும்பங்களுக்கு உண்டு, பெரியவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் அரன் தீவுகளில் வெறும் சுண்ணாம்புப் பாறைமேல் மணலையும் கடற்பாசியையும் சுமந்து கொட்டியே கிழங்கு விளைநிலம் உண்டாக்கினார்கள். அதை நினைத்தால் உங்கள் களிமண் வரம்.

இலைக்கருகலை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். 1845-இல் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே நோய் இன்றும் ஈரக்காற்றில் வருகிறது. அன்று ஏழைகள் பெரும்பாலும் 'லம்பர்' என்ற ஒரே ரகத்தை நம்பியிருந்தார்கள், அது நோய்க்கு நிற்கவில்லை. நீங்கள் 'சார்போ மீரா' போன்ற எதிர்ப்புள்ள ரகம் நடுங்கள். 12 மணி நேரம் 10 டிகிரிக்குக் குறையாத வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமும் சேர்ந்து நின்றால் ஆபத்து. அயர்லாந்து வானிலைத் துறையான மெட் ஏரனே இதற்கு எச்சரிக்கை விடுகிறது. இலையில் கருகல் பரவிவிட்டால் தழையை அடியோடு அறுத்து அப்புறப்படுத்தி, மூன்று வாரம் கழித்து, காய்ந்த நாளாகப் பார்த்துத் தோண்டுங்கள்.

பழைய புல்தரையில் கம்பிப்புழு இருக்கும். கிழங்கு முற்றிய பின் மண்ணிலேயே விட்டுவைத்தால் துளைத்துவிடும்.