‘தள்ளிப்போய் 40 நாள்தான்’ என்று யார் எண்ணியது?

கேள்வி (சுருக்கப்பட்டது): எனக்கு வயது 29. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. மகள் இரண்டாம் வகுப்பு, மகன் பால்வாடி. மூன்றாவது வேண்டாம் என்று நானும் கணவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். தள்ளிப்போய் 40 நாள்தான் இருக்கும், அவரே மெடிக்கலில் சொல்லிக் கருக்கலைப்பு மாத்திரை அட்டை வாங்கி வந்தார். சனிக்கிழமை ராத்திரி ஐந்து மாத்திரையையும் விழுங்கிவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டேன். 26 நாளாகியும் ரத்தம் விட்டுவிட்டுப் படுகிறது. போன இரண்டு தடவையும் இப்படித்தான், பழகிவிட்டது. மனசுதான் சரியில்லை. காரணமில்லாமல் அழுகிறேன். படி ஏறினால் படபடக்கிறது. பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன். கோயிலுக்குப் போகவே பயமாக இருக்கிறது. பாவம் செய்துவிட்டேனா? மனநல டாக்டரைப் பார்க்க வேண்டுமா?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: மூன்று பக்கக் கடிதத்தில் இரண்டரைப் பக்கம் பாவத்துக்குப் போய்விட்டது. ரத்தத்துக்கு ஒரே ஒரு வரி. நான் அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்கு முந்தைய வரியையும்: ‘தள்ளிப்போய் 40 நாள்தான் இருக்கும்.’

யாரம்மா எண்ணியது? நீங்களா, அவரா, கடைக்காரரா? கர்ப்பத்தை டாக்டர் எண்ணுவது நாள் தள்ளிப்போன தேதியிலிருந்து இல்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. உங்களுக்கு 28 நாளுக்கு ஒரு முறை வரும் என்றால், தள்ளிப்போன அன்றைக்கே 28 நாள் கணக்கில் ஏறிவிட்டது. அதோடு 40-ஐக் கூட்டுங்கள், 68. நம் நாட்டில் இந்த மாத்திரைக்கு அனுமதி 9 வாரம், அதாவது 63 நாள் வரைக்கும்தான். அதுவும் டாக்டர் சீட்டோடு. கடையில் ‘40 நாள்’ என்றதும் அட்டை கைக்கு வந்துவிட்டது. எதிலிருந்து 40 என்று கேட்க அங்கே ஆளில்லை.

நாள் கூடக்கூட மாத்திரை முழுதாக வேலை செய்யாமல் போகும் வாய்ப்பும் கூடும். போதாததற்கு ஐந்தையும் ஒன்றாக விழுங்கியிருக்கிறீர்கள். அட்டையில் ஒன்று தனியாகவும் நான்கு தனியாகவும் இருப்பது அழகுக்கு இல்லை. முதல் மாத்திரை (மிஃபெப்ரிஸ்டோன் 200 மி.கி.) கருவைத் தாங்கும் ஹார்மோனைத் தடுத்துப் பிடிப்பைத் தளர்த்துகிறது. அதற்கு ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். பிறகுதான் அந்த நான்கு (மிசோப்ரோஸ்டால்) கர்ப்பப்பையைச் சுருக்கி வெளியே தள்ள வேண்டும். பிடிப்புத் தளரும் முன்பே தள்ளச் சொன்னால் பாதி உள்ளேயே தங்கிவிடலாம். எந்த மாத்திரையை எங்கே, எத்தனை மணி நேரம் கழித்து என்று சொல்லவும், 15-ஆம் நாள் திரும்ப வரச்சொல்லிப் பார்க்கவும்தான் டாக்டர். உங்கள் 15-ஆம் நாள் கடந்து 11 நாளாகிறது.

மாத்திரைக்குப் பிறகு பத்துப் பதினைந்து நாள் ரத்தம் படுவது வழக்கம்தான். சிலருக்கு ஒரு மாதம்கூடப் பொட்டுப் பொட்டாகப் படும். ஆனால் உங்களுக்குத் தேதி தப்பு, போட்ட முறை தப்பு, ஸ்கேனும் பார்க்கவில்லை. கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. குழாய் வெடிக்கும் வரை இப்படி விட்டுவிட்டு ரத்தம் காட்டிக்கொண்டே இருக்கலாம். இதற்குப் பழகிக்கொண்டேன் என்று எழுதினால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கர்ப்பப் பரிசோதனை கார்டு வாங்கி நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். கலைந்து மூன்று நான்கு வாரம் வரைகூட அது இரண்டு கோடு காட்டும். நாளைக் காலை அரசு மருத்துவமனை மகப்பேறு ஓ.பி.க்குப் போங்கள். ஸ்கேன், ஹீமோகுளோபின், ரத்த வகை மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே மிச்சம் இருந்தால் மறுபடி மாத்திரை தருவார்கள், அல்லது உறிஞ்சி எடுப்பார்கள். அது பத்துப் பதினைந்து நிமிட வேலை. சுரண்டுவதைவிட இப்படி உறிஞ்சும் வேக்குவம் முறை நல்லது, அது இருக்கிறதா என்று கேளுங்கள். இன்று ராத்திரியே மணிக்கு இரண்டு பேட் வீதம் இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, 100.4-க்கு மேல் காய்ச்சல், நாற்றத்தோடு கசிவு, அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தோள்பட்டை வலி, மயக்கம் என்று எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

திட்டுவார்களே என்றுதானே போகவில்லை? திட்டினாலும் திட்டுவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பொய் சொல்லாதீர்கள். என்றைக்கு எதைப் போட்டீர்கள் என்று தெரிந்தால்தான் வைத்தியம் சரியாக நடக்கும். கருக்கலைப்பு 1971-லிருந்தே சட்டப்படி நடப்பதுதான். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும், புருஷன் கையெழுத்து வேண்டியதில்லை. 20 வாரம் வரை ஒரு டாக்டர் முடிவு செய்யலாம். உங்கள் விவரத்தை வெளியே சொன்னால் சொன்னவருக்குத்தான் தண்டனை; 2021 திருத்தம் அதை எழுதியே வைத்திருக்கிறது. ‘குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கொண்டால்தான் பார்ப்போம்’ என்று யாராவது சொன்னால், அப்படி ஒரு சட்டம் கிடையாது.

இப்போது மனசு. 26 நாள் ரத்தம் போன உடம்புக்குப் படி ஏறினால் படபடக்கத்தான் செய்யும், எரிச்சல் வரத்தான் செய்யும். உங்கள் அழுகையில் எவ்வளவு துக்கம், எவ்வளவு ரத்தசோகை என்று ஹீமோகுளோபின் பார்க்காமல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இரும்பு மாத்திரை கொடுத்தால் மூன்று மாதமாவது விடாமல் சாப்பிடுங்கள், டீ காபியோடு மட்டும் வேண்டாம். ரத்தம் நின்ற பிறகும் தூக்கமில்லை, பிள்ளைகளைக் கவனிக்க முடியவில்லை என்றால் 14416-இல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. செத்துவிடலாம் என்று ஒரு தடவை தோன்றினால்கூட அன்றைக்கே கூப்பிடுங்கள்.

பாவத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வளர்க்க முடியாது என்று இருவரும் சேர்ந்து எடுத்த முடிவை நான் பாவக் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் பெண்டாட்டிக்கு 26 நாளாக ரத்தம் படுவது தெரிந்தும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாத புருஷனை எதில் எழுதுவது? மெடிக்கல் கடை வரை நடந்த கால் ஓ.பி. பெஞ்சு வரை நடக்கக் கூடாதா? தாலி கட்டியவனுக்கு அது கடமை, உதவி இல்லை. நாளைக்கு அவர் லீவு போடட்டும்.

மூன்றாவது அட்டை இது. கருத்தடைக்குப் பதில் கருக்கலைப்பு என்று ஒரு வீடு ஓடக் கூடாது. இதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. கலைந்து பத்து நாளிலேயே அடுத்த கருமுட்டை வரலாம், மாதவிலக்குக்குக் காத்திருந்தால் ஏமாந்துவிடுவீர்கள். காப்பர்-டி நல்லதுதான், ஆனால் தீட்டு அதிகமாகும். ரத்தசோகை இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு போடுங்கள். சாயா என்ற கருத்தடை மாத்திரையில் அந்தத் தொந்தரவு இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. அரசு மருத்துவமனையில் சும்மாவே தருகிறார்கள். எல்லாவற்றையும்விடச் சுலபம் உங்கள் கணவருக்கான தழும்பில்லாத கருத்தடை சிகிச்சை (வாசக்டமி). தையல் இல்லை, அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது, மூன்று மாதம் ஆணுறை, பிறகு விந்துப் பரிசோதனை. பலம் குறையாது, ஆண்மையும் போகாது. நாளைக்குத்தான் அங்கே உட்காரப் போகிறாரே, அப்படியே விசாரித்துவிட்டு வரட்டும்.

கிளம்பும்போது கடைசி மாதவிலக்குத் தேதியை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். காலி அட்டை கிடந்தால் அதையும்.