மிஸ்ஸியம்மா பதில்கள்: முறுக்கு டின்

கேள்வி: மனநல மருத்துவமனையில் போரென்சிக் வார்டில், அதாவது வழக்கில் மாட்டியவர்களைக் கோர்ட் அனுப்பும் வார்டில், தாதியாக இருக்கிறேன். போன மாதம் கோர்ட்டிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பார்த்தால் எங்கள் தோட்டத்து அண்ணன், பின் லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) வளர்ந்தவர். சின்ன வயதில் என்னைச் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விட்டவர். ராத்திரி வேலையில் என்னிடம் மனம்விட்டுப் பேசுகிறார். லீவில் வீட்டுக்கு வந்தால் அவருடைய அம்மா முறுக்கு டின்னோடு வந்து நிற்கிறார். "தம்பி சாப்பிடுதா? என்னா சொல்லுது?" என்று கேட்கிறார். என்ன செய்வது?
பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, முதல் வேலையாக வார்டு சிஸ்டரிடம் "இவர் எனக்குத் தெரிந்தவர்" என்று சொல்லிவிடுங்கள். அடுத்த வாரம் இல்லை, அடுத்த ஷிப்டில். உங்களை வேறு வார்டுக்கு மாற்றினாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எனக்குக் கவலை முறுக்கைப் பற்றி இல்லை, அந்த ராத்திரிப் பேச்சைப் பற்றித்தான். மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 342-ஆம் பிரிவில் வந்தவர் என்றால், மனநிலை எப்படி என்று அவரைக் கவனித்துப் பார்க்க ஒரு மாதம் வரை அனுப்புவார்கள். டாக்டரால் முடிவு சொல்ல முடியவில்லை என்றால் மேலும் இரண்டு மாதம் வரை நீட்டலாம். அந்த நாட்களில் நீங்கள் எழுதும் குறிப்பை டாக்டர் படிப்பார், அவருடைய அறிக்கை கோர்ட்டுக்குப் போகும். அண்ணன் நினைப்பது சைக்கிளில் பின்னால் உட்கார்ந்த தங்கச்சியிடம் பேசுகிறோம் என்று. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சொல்லுங்கள்: "அண்ணே, நீங்க சொல்றத நான் எழுதியாகணும்." அதற்கு அப்புறமும் பேசினால் அது அவர் இஷ்டம். பேசாமல் திரும்பிப் படுத்துக்கொண்டால் மனசு கஷ்டப்படும்தான். என்ன வழக்கு என்று நீங்களாகத் தோண்டிக் கேட்கவும் வேண்டாம்.

என் கதை ஒன்று சொல்கிறேன். நான் தாதியாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நோயாளி, தோட்டத்து ஆள், எப்போதும் சிரித்த முகம். ஒருநாள் மருந்து கொடுக்கும்போது, "என் மக எந்தப் பள்ளிக்கூடம் போவுது மிஸ்ஸி?" என்று கேட்டார். அந்தப் பிள்ளையை நான் தினமும் பஸ் ஸ்டாண்டில் பார்ப்பேன். அப்பன்தானே கேட்கிறான் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாரத்தில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே ஒரு கடிதம் போய்விட்டது. அவர் கண்ணில் படக்கூடாது என்றுதான் மனைவி தோட்டத்தை விட்டு, ஊரை மாற்றி வந்திருக்கிறார். இது எனக்கு எப்படித் தெரிய வந்தது? அந்த அம்மா என் வாசலில் வந்து நின்றார். திட்டவில்லை. நாலாக மடித்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்கதானா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் மேட்ரனிடம் நானே போய்ச் சொன்னேன். அன்றைக்கு வாங்கிய ஏச்சு எனக்குத் தேவைதான்.

அதனால் அண்ணனின் அம்மாவிடம் "சாப்பிடுறார்" என்றுகூடச் சொல்லாதீர்கள். கல்நெஞ்சம் என்று நினைப்பார், நினைக்கட்டும். நம் ஊரில் சண்டை வந்தால் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்று ஏசுகிற வழக்கம் உங்களுக்கே தெரியும். அங்கே இருப்பது 1911-இல் திறந்த மனநல ஆஸ்பத்திரி, இன்றைக்குப் பெயர் பகாகியா. ஏச்சு மட்டும் மாறவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கச் சுற்றி வரும், அந்த அம்மா நல்லவராகவே இருந்தாலும்.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பார்வையாளர் நேரம் எப்போது, வார்டு டாக்டரைப் பார்க்க யாரிடம் கேட்கவேண்டும், அடையாள அட்டை கொண்டுபோக வேண்டும் என்பதையெல்லாம் ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். இது எந்த அம்மா கேட்டாலும் சொல்லக்கூடிய விஷயம். மகனுக்குச் சம்மதம் என்றால் டாக்டரே அவரிடம் பேசுவார்.

சரி, டின். வாசலில் உட்கார்ந்து அவர் எதிரிலேயே ஒரு முறுக்கு சாப்பிடுங்கள், எள் போட்டது என்றால் இரண்டு. டின்னை அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். பார்க்கப் போகும் அன்று அவரே எடுத்துப் போகட்டும். வார்டில் திறந்து பார்த்துவிட்டு உள்ளே விடுவதா என்று அவர்கள் சொல்வார்கள்.