கொறங்காட்டில் குதிரை மேயலாமா? கேட்டவர்களுக்குப் பதில்

வெள்ளகோவிலிலிருந்து: அண்ணா, மாடு மேஞ்ச கொறங்காடு, அதான் வேலி போட்ட மேய்ச்சல் நிலம், ஆறு ஏக்கர் இருக்கு. கொழுக்கட்டைப் புல் நல்லா நிக்குது. பெட்டைக் குதிரை ஒண்ணு வாங்கி விட்டிருக்கேன். வேற தீனி வேணுமா?

கட்டாயம் வேணும் தம்பி. கொழுக்கட்டைப் புல்லில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். தீனியில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை, அதாவது கால்சியத்தை, அது பிடித்து வைத்துக்கொள்ளும். மாட்டுக்கு அசைபோடும் வயிறு இருக்கிறது. அதிலுள்ள நுண்ணுயிரிகள் ஆக்சலேட்டை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வயிறு இல்லை. சத்து லத்தியோடு வெளியே போய்விடும், உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவ ஆரம்பிக்கும். சில மாதங்களில் இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு வேறொரு கால் என்று நொண்டும். அப்புறம் முகத்தெலும்பு இருபக்கமும் வீங்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் இதே புல்தான், இதே நோய்தான். அங்கே அதற்குப் பெயரே ‘பெரிய தலை’.

அதே தம்பி: அப்ப உழுது அழிச்சிரட்டுமா?

ஐயோ, வேண்டாம்! மழை பொய்த்தாலும் நிற்கிற புல் அது. அதையே முழுத் தீனியாக்காதே, அவ்வளவுதான். குதிரை மசால் என்ற தீவனப் பயிரை அரிந்து போடு. பெயரிலேயே யாருக்கென்று இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து அதில் ஏராளம். கூடவே தாது உப்பு. அளவை கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்.

பல்லடத்திலிருந்து: நான் தினமும் தவிடு நிறைய வைக்கிறேன். அது போதாதுங்களா?

அதுதான் வினையே. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் சொற்பம். புல்லோடு தவிடும் சேர்ந்தால் எலும்பு இன்னும் சீக்கிரம் கரையும். மேல்நாட்டில் மாவு மில்காரர்கள் தவிட்டைக் கொட்டி வளர்த்த குதிரைகளுக்கு வந்ததால், இதற்கு ‘மில்காரர் நோய்’ என்றும் பெயர் உண்டு. தவிட்டைக் குறையுங்கள்.

பெருந்துறையிலிருந்து: முகம் ஏற்கனவே வீங்கிருச்சு. சரியாகுமா?

தீனியை மாற்றினால் நொண்டல் பெரும்பாலும் தீரும். வீக்கம் முழுதாக வடியாமல் நின்றுவிடலாம். மருத்துவரை உடனே கூப்பிடுங்கள்.

தாராபுரத்திலிருந்து: கோ-4, தீவனச் சோளம் ரெண்டும் இருக்கு. போடலாமா?

கோ-4 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லுக்கும் ஆக்சலேட் எச்சரிக்கை அப்படியே பொருந்தும். சோளத்தைப் பச்சையாகத் தொடர்ந்து மேயவிடாதீர்கள். அப்படி மேய்ந்து மூத்திரம் தானாகச் சொட்டி, பின்னங்கால் தள்ளாடும் குதிரைகள் உண்டு.

அந்தியூரிலிருந்து: லத்தி கிடந்தா உரம்தானே அண்ணா, எதுக்குப் பொறுக்கணும்?

மாட்டுச் சாணி வழக்கத்தைக் குதிரைக்குக் கொண்டுவராதீங்க. லத்தி விழுந்த இடத்தில் குதிரை வாய் வைக்காது. அங்கே புல் மண்டும். மற்ற இடத்தை வேர்வரை கறும்பிவிடும். புழுக்குஞ்சும் மணலும் வயிற்றுக்குள் போகும், வயிற்றுவலி வரும். வாரம் இரண்டு தடவை பொறுக்குங்கள். புல் மூன்று அங்குலம் இருக்கும்போதே அடுத்த பட்டிக்கு மாற்றுங்கள். விட்ட இடத்தில் மாட்டை விடலாம். குதிரைப் புழுக்களில் பெரும்பாலானவை மாட்டுக்குள் பிழைக்காது.

கரூரிலிருந்து: வேலிக்கு அரளி வெச்சிருக்கேன், ஆபத்தா?

ஆபத்துதான். வெட்டிப் போட்டுக் காய்ந்த இலையும் விஷம். இந்த வாரமே பிடுங்கிவிட்டுக் கிளுவை நடுங்கள்.