ஒரே கம்பியும் ஒரு ட்யூனரும் வைத்து எல்லா பேண்டிலும் பேச முடியுமா?

கேள்வி: ஹாம் ரேடியோவுக்காக மொட்டை மாடியில் 40 மீட்டர் பேண்டுக்கு (அலைநீளத்தை வைத்துச் சொல்லும் அலைவரிசைக்கு) டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணைத்த கம்பி ஆன்டெனா, கட்டியிருக்கிறேன். ட்யூனர் (ஆன்டெனாவை ரேடியோவுக்குப் பொருத்தும் பெட்டி) ஒன்று வாங்கினால் அதே கம்பியில் 20, 15, 10 மீட்டரிலும் பேசலாமா?

பேசலாம். ஆனால் ட்யூனருக்குக் காசு கொடுக்கும் முன், கம்பியிலிருந்து ரிக் (ரேடியோப் பெட்டி) வரை என்ன கேபிள் ஓடுகிறது என்று பாருங்கள். நான் அதைப் பார்க்காமல் ஏழெட்டு மாதத்தை வீணடித்தவன்.

என்னுடையதும் உங்களுடையது மாதிரிதான். பக்கத்துக்கு 10 மீட்டர் கம்பி, நடுவிலிருந்து 20 மீட்டர் ஆர்ஜி-58 கோஆக்ஸ் (டிவி கேபிள் மாதிரியான உருண்டைக் கேபிள்). 7 மெகாஹெர்ட்ஸில், அதாவது 40 மீட்டர் பேண்டில், குறையே இல்லை. 15 மீட்டரிலும் ஓடியது. அது 21 மெகாஹெர்ட்ஸ்; 21 என்பது ஏழின் மூன்று மடங்கு, அங்கே கம்பி மூன்று அரையலை நீளமாகி கேபிளுக்கு ஓரளவு ஒத்துவரும். 20 மீட்டரில்தான் (14 மெகாஹெர்ட்ஸ்) வம்பு. ட்யூனரைத் திருகினால் எஸ்டபிள்யூஆர் (பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு; 1:1 என்றால் எதுவும் திரும்பவில்லை) அழகாக 1:1 காட்டும். எவ்வளவு கூப்பிட்டாலும் பதில் வராது.

ஒரு நாள் எஃப்டி8-ஐ (கம்ப்யூட்டர் வழியாக அனுப்பும் டிஜிட்டல் முறை) அரைமணி நேரம் ஓட்டிவிட்டு கேபிளை ஒதுக்கிவைக்கப் போனேன். ஓரிடத்தில் வெதுவெதுவென்று இருந்தது. தடவிக்கொண்டே போனால் ஏழு மீட்டர் தள்ளி மறுபடியும் அதே சூடு. 14 மெகாஹெர்ட்ஸில் அந்தக் கேபிளுக்குள் அரையலை நீளம் ஏழு மீட்டர்!

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 20 மீட்டர் பேண்டில் என் கம்பி ஒரு முழு அலை. நடுவில் இம்பீடன்ஸ் (மின்தடை மாதிரியான எதிர்ப்பு) மூவாயிரம் ஓமுக்கு மேல், கேபிளோ 50 ஓம். மேலே, கம்பியோடு கேபிள் சேரும் இடத்தில், எஸ்டபிள்யூஆர் 60-ஐத் தாண்டும். ட்யூனர் இல்லாமல் கீழே அளந்தால் ஏழுதான் காட்டியது, ஏனென்றால் திரும்பி வரும் பவரை வழியிலேயே கேபிள் தின்றுவிடுகிறது. 100 வாட் விட்டால் கம்பிக்குப் போய்ச் சேர்ந்தது பத்துப் பன்னிரண்டு வாட். ட்யூனர் ரிக்கைச் சமாதானப்படுத்தியது, அவ்வளவுதான்.

அப்புறம் கோஆக்ஸைக் கழற்றிவிட்டு ஏணி லைன் கட்டினேன். இரண்டு செப்புக் கம்பி, நடுவே பத்து சென்டிமீட்டர் இடைவெளி, அரை மீட்டருக்கு ஒரு பிவிசி துண்டு. தூர்தர்ஷன் ஆன்டெனா காலத்து 300 ஓம் தட்டை ஒயர் பரணில் கிடந்தால் அதுவும் போதும். மழையில் நனைந்தால் மட்டும் ட்யூனிங் நகரும். ஏணி லைனிலும் எஸ்டபிள்யூஆர் அதிகம்தான், ஆனால் இழப்பு சொற்பம். இரும்புக் குழாயை ஒட்டிக் கொண்டுபோகாதீர்கள். ட்யூனரில் பேலன்ஸ்டு அவுட்புட் (இரட்டைக் கம்பிக்கான இணைப்பு) இல்லையென்றால் 4:1 பாலன் (இரட்டைக் கம்பியை கோஆக்ஸ் இணைப்போடு சேர்க்கும் சிறு டிரான்ஸ்பார்மர்) ஒன்று சேர்க்க வேண்டும். ரிக்குக்குள்ளேயே வரும் ஆட்டோ ட்யூனர் பெரும்பாலும் எஸ்டபிள்யூஆர் 3:1 வரைதான் சமாளிக்கும், இந்த வேலைக்கு ஆகாது.

டி வகை ட்யூனர் (இரண்டு கண்டென்சரும் ஒரு காயிலும் உள்ளது) என்றால் ஒரே பேண்டில் 1:1 காட்டும் இடங்கள் பல கிடைக்கும். கண்டென்சர் தகடுகள் நன்றாக மூடியும் காயில் (கம்பிச்சுருள்) குறைவாகவும் இருக்கும் இடத்தைப் பிடியுங்கள், அங்கேதான் சூடு குறைவு. முதலில் ரிசீவரில் இரைச்சல் அதிகமாகும் வரை திருகுங்கள், பிறகு ஐந்து வாட்டில் சரி செய்து எண்களை நோட்டில் எழுதிவையுங்கள். உள்ளே பட்பட்டென்று சத்தம் கேட்டால் பொறி பறக்கிறது, பவரைக் குறையுங்கள்.

இதே கம்பியில் 80 மீட்டருக்கு ஆசைப்பட வேண்டாம். தேவையான நீளத்தில் பாதிதான் இருக்கிறது. மேட்ச் ஆனாலும் பவரில் நல்ல பங்கு ட்யூனரின் கம்பிச்சுருளிலேயே சூடாகிவிடும். 10 மீட்டரில் வேறு கதை: கம்பிக்கு நேர் குறுக்கே சிக்னல் பள்ளமாகி (மிகவும் குறைந்து), சாய்வாக நாலு திசையில் பிய்த்துக்கொண்டு போகும். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

ஏணி லைன் இழுக்க இடமே இல்லை என்றால், 20 மீட்டர் கம்பியின் ஒரு முனையில் 49:1 இம்பீடன்ஸ் டிரான்ஸ்பார்மர் போட்டு கோஆக்ஸ் கொடுங்கள். 40, 20, 15, 10 நான்கும் பெரிதாக ட்யூனர் கேட்காமல் ஓடும்.

இன்னொன்று. கம்பியின் முனையைக் கைக்கு எட்டும் உயரத்தில் கட்டாதீர்கள், 100 வாட்டிலேயே அங்கே பல நூறு வோல்ட் நிற்கும். என் கம்பியைக் கொடிக்கயிறு என்று நினைத்து பக்கத்து வீட்டு அக்கா ஈரப் புடவையோடு வந்துவிட்டார். நல்லவேளை, ரிக் அணைந்திருந்தது. அன்று சாயங்காலமே முனையைத் தென்னை மரத்துக்கு ஏற்றிவிட்டேன்.