களத்தில் அளந்த நெல்

கடிதம்:

அன்புள்ள அண்ணன்,

நான் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவைச் சேர்ந்தவன். தோஹாவில் ஒரு களஞ்சியத்தில் வேலை. தம்பலகாமத்துச் சூடு மிதிப்பை, அதாவது குவித்த நெற்கதிரை எருமைகளால் மிதிக்கவைத்து நெல் பிரிப்பதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். எருமைக்கடாக்கள் சுற்றிவர, பாட்டோடு களவெட்டியில், அந்தச் சூடடிக்கும் களத்தில், விடிய விடிய விழித்திருந்த சனங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் பெரிய ஆசை வந்தது. அதை வாசித்து வாப்பாவுக்குக் குரல்பதிவாக அனுப்பினேன். அவர் சின்ன வயதிலிருந்து மற்றவர்களின் வயலில் கூலிக்கு நின்றவர். பிறகுதான் எங்களுக்கென்று இரண்டு ஏக்கர் வந்தது.

அவருடைய பதில் இது: "எருமைக்குப் பின்னால நடந்தவனக் கேக்கச் சொல்லு. பத்து வயசில காய்ச்சலோட நடந்திருக்கன். கண் சொக்கினா கம்பால தட்டுவாங்க. மெசின் வந்ததுக்கு அல்ஹம்துலில்லாஹ்."

அந்தப் பதிவிலேயே பின்னாலிருந்து உம்மாவின் குரல் கேட்டது: "மெசினுக்குப் பின்னால பொறுக்க ஒரு கதிர் கிடக்குமா எண்டும் கேக்கச் சொல்லுங்க." என் தங்கையின் முதல் தோடு, உம்மா கதிர் பொறுக்கிச் சேர்த்த நெல்லை விற்று வாங்கியதாம். இது எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது.

இரண்டு பேரில் யார் சொல்வது சரி? மெசின்தான் கிராமத்தை உடைத்ததா? வாப்பாவுக்கு இனி ஏலாது. காணியைக் குத்தகைக்குக் கொடுப்பதா, விற்பதா, நான் திரும்பி வந்து செய்வதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. உங்கள் எண்ணத்தை எழுதுங்கள். என் பெயரைப் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் வாப்பா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். அந்த இரவுகளில் பாட்டு இருந்தது, அவருடைய காய்ச்சலும் இருந்தது. வயல் ஒருவருடையது, கடா ஒருவருடையது, சுற்றி நடந்த கால் இன்னொருவருடையது. குத்தகைக்குச் செய்தவனை அடுத்த போகத்தில் வயலில் விடுவதா இல்லையா என்பது காணிக்காரரின் வாய்ச்சொல்லில் கிடந்தது. அதை மாற்றத்தான் அப்போதைய விவசாய அமைச்சர் பிலிப் குணவர்தன 1958 இல் நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். சட்டம் வந்த பிறகும் பல வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், வாய்ச்சொல்தான் சட்டமாக இருந்தது. கூலிக்காரனுக்கு அந்தச் சட்டத்திலும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அப்படி வளர்ந்த மனிதர் வெட்டு மெசினைப் பார்த்து இறைவனைப் புகழ்ந்தால், அந்தப் புகழ்ச்சிக்கு அவருக்கு முழு உரிமை இருக்கிறது.

ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் உம்மாவின் அந்த ஒற்றை வரியில்தான் இருக்கிறது.

மெசின் என்று நாம் ஒரே பெயரால் சொல்வதை முதலில் பிரித்துப் பார்ப்போம். உழவு இயந்திரம் நம் பக்கத்துக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. எருமையைக் களத்தை விட்டு அனுப்பியது அதுதான். கடாக்களுக்குப் பதிலாக அதையே சூட்டின் மேல் ஏற்றிச் சுற்றினார்கள். பிறகு சூடடிக்கிற மெசின் வந்தது. இத்தனைக்குப் பிறகும் களவெட்டி இருந்தது. தாக்கத்தியோடு ஆட்கள் இறங்கி வெட்டினார்கள், வெட்டிய கதிரைச் சிறு சிறு உப்பட்டிகளாகப் போட்டார்கள், காய்ந்ததும் அள்ளிச் சூடு வைத்தார்கள், அடித்தார்கள், தூற்றினார்கள், பொலியைக் குவித்து அளந்தார்கள். அளக்கிற இடத்தில் சனம் நின்றது. வெட்டுவதும் அடிப்பதும் தூற்றுவதும் ஒரே வயிற்றுக்குள் நடக்கிற மெசின் வந்த பிறகுதான் அந்த இடமே இல்லாமல் போனது.

அந்த இடத்தில் யார் யார் நின்றார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வெட்டியவர்கள் கூலியை நெல்லாக வாங்கினார்கள். தண்ணீர் பார்த்த வட்டவிதானைக்கு ஒரு பங்கு. கத்தி அடித்துக் கொடுத்த கொல்லர், முடி வெட்டியவர், துணி வெளுத்தவர் ஆகியோருக்குப் போகத்துக்கு இவ்வளவு என்று அளந்தார்கள். கோயிலுக்கு, பள்ளிவாசலுக்கு, கேட்டு வந்த ஏழைக்குக் கொடுத்தார்கள். இதில் சாதி இருந்தது, கை நீட்டி நிற்கிற அவமானமும் இருந்தது. அந்த அவமானத்திலிருந்து தன் பிள்ளைகளை வெளியே கொண்டுவந்தவர்களை நான் வணங்குகிறேன். இருந்தாலும் நெல்லுக்கு விலை போடும் முன் அது பங்கு போடப்பட்டது. லொறி வருவதற்கு முன்பே ஊரில் பல வீடுகளுக்கு நெல் போய்ச் சேர்ந்திருந்தது.

இவர்கள் எல்லோருக்கும் கடைசியில், எந்தக் கணக்கிலும் வராமல், உங்கள் உம்மா நின்றார். வெட்டி அள்ளிய வயலில் சிந்திய கதிரைப் பொறுக்குவது பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. யாரும் எழுதிக்கொடுத்த உரிமை இல்லை. அதைத் தடுக்கிற காணிக்காரனை ஊர் மதிக்காது, அவ்வளவுதான். கணவனை இழந்த பெண்ணுக்கும் மணமாகாத குமர்ப்பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் இந்தக் கிராமங்களில் வேறு காப்புறுதி இருக்கவில்லை. உங்கள் தங்கையின் தோடு அதிலிருந்து வந்தது. மெசின் போன வயலிலும் நெல் சிந்துகிறது. ஆனால் அது மணியாகச் சிதறி வைக்கோலுக்கடியில் சேற்றில் புதைகிறது. கையால் பொறுக்க முடியாது. களை பிடுங்கும் வேலையைக் களைநாசினி முன்பே எடுத்துக்கொண்டது. கதிரும் போனதோடு பெண்களுக்கு வயலில் இருந்த இரண்டு வாசலும் அடைபட்டன. அவர்களில் எத்தனை பேர் இன்று கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலுக்கு வருகிற நுண்கடன்காரனிடம் சிக்கியிருக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய வேண்டிய நிலை வந்தது. அந்தக் கடன்களுக்குக் காரணங்கள் பல. வயலில் அவர்களுக்கு இருந்த பங்கு போனதும் அவற்றில் ஒன்று என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மாட்டுக்கும் இதே கதைதான். முன்பு வைக்கோல் களத்தில் போராகக் குவிந்தது. மெசின் அதை வயல் முழுவதும் தூவிவிட்டுப் போகிறது. ஒரு மழை விழுந்தால் அழுகிவிடும், இல்லையென்றால் அடுத்த விதைப்புக்காக நெருப்பு வைக்கிறார்கள். மேய்ச்சல் தரை சுருங்கிக்கொண்டே வருகிற காலத்தில் எருமை வளர்க்கிறவன் எங்கே போவான்? கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துத் தயிர்ச் சட்டிக்குப் பின்னால் இந்தக் கேள்வி இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூலி நெல்லாக வந்த வீட்டில் சோறு வெந்தது, காசாக வரத் தொடங்கிய வீட்டில் ரொட்டி அதிகமானது. திருகோணமலைச் சீனக்குடாவில் 1980 இலிருந்து பிறீமா மா ஆலை அரைப்பது கப்பலில் வருகிற கோதுமை. அந்தக் கரையிலிருந்து மா நாடெல்லாம் போகிறது, நம் வயலின் நெல்லும் லொறியேறிப் பொலன்னறுவை ஆலைகளுக்குப் போகிறது, நாம் அரிசியைத் திரும்பக் கடையில் வாங்குகிறோம்.

இனி, நிலம் வைத்திருப்பவர்களும் இதில் தோற்றார்கள் என்பதைச் சொல்கிறேன். இதை வாப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள். சூடு வைத்த காலத்தில் நெல் களத்திலேயே காய்ந்தது. காய்ந்த நெல்லை வீட்டில் வைத்து, விலை பார்த்து விற்கலாம். மெசின் வெட்டுகிற நெல் ஈரம். ஒரு வட்டை முழுவதும் சில நாட்களுக்குள் வெட்டி முடிகிறது. அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை 14 சதவீத ஈரப்பதனுக்கு மேல் வாங்காது. காயப்போட இடமில்லாதவன் கார்ப்பெட் வீதியில் பரப்பிவிட்டு, மோட்டார் சைக்கிள்கள் விலகிப் போகும்படி கல்லும் கம்பும் வைத்துக் காவல் இருக்கிறான். அதற்கும் ஆளில்லாதவன் வயலோரத்தில் நிற்கிற லொறிக்காரன் சொன்ன விலைக்கு, மூடைக்கு அவன் கழிக்கிற கிலோவையும் கழித்து, அன்றைக்கே கொடுக்கிறான். பசளையும் மருந்தும் கடன், கடைக்காரன் காத்திருக்கிறான், மெசின்காரனுக்குக் காசு உடனே வேண்டும். கிழக்கில் தை, மாசியிலேயே வெட்டு வந்துவிடுகிறது. நாட்டின் பெரிய வட்டைகள் பல அதற்குப் பிறகுதான் வெட்டுகின்றன. 2025 இல் அரசு நாடு வகை நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய், சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 என்று விலை அறிவித்தது பெப்ரவரி 5 ஆம் திகதி. அதற்குள் கிழக்கில் வெட்டு தொடங்கியிருந்தது. ஈர நெல்லை வைத்துக்கொண்டு யாரால் அறிவிப்புக்குக் காத்திருக்க முடியும்?

உங்கள் வாப்பாவின் முதுகை மெசின் காப்பாற்றியது. அதே மெசின், காத்திருந்து விற்கிற வலுவை அவரிடமிருந்து எடுத்து லொறிக்காரனிடம் கொடுத்தது. மெசின் வரும்போது அதற்குப் பக்கத்தில் காயப்போடும் தளமும் களஞ்சியமும் வந்திருந்தால் இது நடந்திருக்காது. யாரும் அதைச் செய்யவில்லை. எனக்குக் கோபம் இதில்தான்.

இதற்குள் யுத்தத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். மற்ற இடங்களில் மெசின் கூலிக்காரரைத் தள்ளிவிட்டு வந்தது என்று சொல்லலாம். திருகோணமலையில் அது பெரும்பாலும் ஆளற்ற வயலுக்குள் வந்தது. 2006 இல் மாவிலாற்று மதகு மூடப்பட்டு, அதன் தண்ணீரை நம்பியிருந்த வயல்கள் காய்ந்தன; அதோடு சண்டை தொடங்கியது. மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள். மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்றுத் தமிழர்கள் வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் ஓடினார்கள். சம்பூர் மக்களில் பலர் தங்கள் காணிக்குத் திரும்பியது 2015 க்குப் பிறகு. திரும்பியபோது மாடும் எருமையும் இல்லை, ஒன்றாக வெட்டிய கூட்டங்கள் கலைந்துபோயிருந்தன, இளைஞர்கள் கடல் கடந்திருந்தார்கள். அப்படி வந்தவனுக்கு வெட்டு மெசின் ஒரு வரம். ஊரை மெசின் உடைத்தது என்று அவனிடம் போய் எப்படிச் சொல்வது?

விதையையும் பசளையையும் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் பழைய விவசாயத்துக்குத் திரும்புவோம் என்பவர்களுக்காக ஒன்று. 1950களின் முடிவில் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த எச் 4 என்ற நெல்லினம் முதல் இன்றைய மூன்று, மூன்றரை மாத நெல் வரை பசளையை நம்பியே வளர்க்கப்பட்டவை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையை ஒரே இரவில் தடை செய்தார்கள், நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் பெரும்போகம் கெட்டது, நாட்டின் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. மண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதை விவசாயியின் சோற்றை வைத்துப் பரிசோதிக்கக் கூடாது.

அப்படியென்றால் எதைத் திரும்பக் கேட்பது? பங்கைக் கேட்க வேண்டும். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, நெல்லுக்கு ஸகாத் என்ற கட்டாயப் பங்கு உண்டு: மழையில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சியதற்கு இருபதில் ஒன்று. எருமை போயும் களம் போயும் அந்தக் கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது, ஏனென்றால் அது எழுதப்பட்ட கடமை. குளத்து வயல்களில் பெத்மா முறை இருக்கிறதே, அதுவும் அப்படித்தான். சிறுபோகத்தில் தண்ணீர் குறைந்தால் வயலின் ஒரு பகுதியை மட்டும் விதைத்து, அதில் எல்லோருக்கும் பங்கு கொடுப்பார்கள். போகத்துக்கு முந்திய ஆரம்பக் கூட்டத்தில் முடிவெடுத்துப் பதிவதால் அது நிற்கிறது. கதிர் பொறுக்கும் உரிமையை யாரும் எந்தக் கூட்டத்திலும் பதியவில்லை. அதனால் அது போனபோது, போனது என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை. கமக்காரர் அமைப்புகள் விதைப்புத் திகதியையும் வாய்க்கால் துப்பரவையும் பேசுகிற அதே கூட்டத்தில், மெசின் வெட்டுகிற ஒவ்வொரு ஏக்கருக்கும் ஒரு சிறு தொகையை ஊரில் வருமானமில்லாத பெண்களுக்கென்று ஒதுக்க முடியும். வைக்கோலைக் கொளுத்தாமல் மாட்டுக்காரருக்குக் கட்டிக்கொடுக்க முடியும். பொதுவான காயப்போடும் தளம் ஒன்றைக் கேட்டு வாங்க முடியும். இதற்கு எருமை தேவையில்லை, பிள்ளைகளின் நித்திரையைக் கெடுக்கவும் தேவையில்லை.

உங்கள் சொந்தக் கேள்விக்கு வருகிறேன். இரண்டு ஏக்கர் நெல்லை மட்டும் நம்பித் தோஹாவை விட்டு வராதீர்கள். ஒரு குடும்பம் அதில் நிற்காது. பக்கத்துக் காணிக்காரர் சிலரோடு சேர்ந்து காயப்போடவும் களஞ்சியப்படுத்தவும் ஒரு இடம் செய்ய முடிந்தால், களஞ்சிய வேலை தெரிந்த நீங்கள் அதற்கு உதவுவீர்கள். அந்தத் திட்டத்தோடு வந்தால் வாருங்கள். அதுவரை குத்தகைக்குக் கொடுக்கலாம், ஆனால் எழுத்தில் கொடுங்கள்.

விற்பதைப் பற்றி யோசிக்கும் முன், காணி உறுதி எழுதிய சொந்தக் காணியா, அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியா என்று பாருங்கள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரமாக இருந்தால் நினைத்தபடி விற்க முடியாது. வாப்பா தனக்குப் பின் காணி சேர வேண்டிய பின்னுரித்தாளர் ஒருவரை நியமித்திருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். நியமிக்காமல் விட்டால் பிள்ளைகளுக்குள் மூத்த ஆண்பிள்ளைக்கே முதலிடம் என்றிருந்ததை 2022 இல் திருத்தினார்கள். உங்கள் தங்கைக்கும் அதில் இடமுண்டா என்று கேளுங்கள். வீட்டில் எல்லோரும் இருந்து பேசிவிட்டு, பிரதேச செயலகத்துக் காணிக் கிளைக்கு வாப்பாவோடு தங்கையையும் அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணன்