லாம்டாவுக்கு எடிட்டர் வைக்கும் பெயர் எங்கிருந்து வருகிறது? – கேள்வி பதில்

கேள்வி: சார், ஜாவாவில் லிஸ்ட்டை சார்ட் செய்ய லாம்டா (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) போடும்போது எடிட்டரே அதன் பாராமீட்டர்களுக்கு ‘ஓ1, ஓ2’ என்று எழுதிக் கொடுக்கிறது. ஏன் ‘ஏ, பி’ இல்லை?

பதில்: அந்த இடத்துக்கு என்ன டைப் வேண்டும் என்று எடிட்டர் முதலில் பார்க்கும். இங்கே கம்பாரேட்டர். எல்லா ஆப்ஜெக்ட்டிலும் இருக்கும் ஈக்வல்ஸை விட்டால், அதில் உடல் (உள்ளே ஓடும் கோட்) எழுதப்படாத ஒரே மெதட் கம்பேர். அதன் பாராமீட்டர்களுக்கு ஜேடிகேயில் (ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பில்) வைத்த பெயர் ஓ1, ஓ2. அதையே எடுத்துப் போடுகிறது. ஜாவாவின் ஃபங்ஷன், பிரெடிகேட் என்ற டைப்கள் இரண்டிலும் அந்தப் பெயர் வெறும் ‘டி’. அதனால் சில எடிட்டர்கள் டைப்பின் பெயரைப் பார்த்து ‘கஸ்டமர்’ என்றோ, ஸ்ட்ரிங்காக இருந்தால் ‘எஸ்’ என்றோ ஊகிக்கும்.

கேள்வி: எங்கள் டீம் லைப்ரரி ஒன்றில் மட்டும் ‘ஆர்க்0, ஆர்க்1’ என்று வருகிறது. பக்கத்து சீட்டில் அதே ஜாருக்குச் (கம்பைல் செய்த லைப்ரரி ஃபைலுக்குச்) சரியான பெயர் வருகிறது!

பதில்: அவரிடம் சோர்ஸ் ஜார் (லைப்ரரியின் மூலக் கோட் உள்ள ஃபைல்) இணைந்திருக்கும், உங்களிடம் இருக்காது. சாதாரணமாக கம்பைல் செய்தால் கிளாஸ் ஃபைலில் பாராமீட்டர் பெயர் நிற்காது. கம்பைலருக்கு ‘-ஜி’ ஆப்ஷன் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது லோக்கல் வேரியபிள் டேபிளைத்தான் எழுதும். அந்த டேபிள் உடல் உள்ள மெதடுக்கு மட்டுமே உண்டு. லாம்டா நிற்பதோ உடலில்லாத மெதடுக்காக. ஆகவே லாம்டா விஷயத்தில் ‘-ஜி’ பிரயோஜனப்படாது. ஜாவா 8இல் (2014) வந்த ‘-பாராமீட்டர்ஸ்’ ஆப்ஷன்தான் வேண்டும். மேவனில் கம்பைலர் ப்ளக்இன்னில் பாராமீட்டர்ஸை ட்ரூ ஆக்குங்கள்; கிரேடிலில் கம்பைலர் ஆர்க்ஸில் சேருங்கள். லைப்ரரியை மாற்ற முடியாவிட்டால் சோர்ஸ் ஜாரை இறக்கி இணையுங்கள்.

ஜேடிகேயின் சொந்த மெதடுகளுக்கே இப்படி வந்தால் லிப் ஃபோல்டரில் எஸ்ஆர்சி ஜிப் இருக்கிறதா பாருங்கள். உபுண்டுவில் ஓபன்ஜேடிகே சோர்ஸ் தனிப் பேக்கேஜ். அதையும் நிறுவ வேண்டும்.

கேள்வி: ‘கஸ்டமர்1’ என்று எண் ஒட்டி வருவது?

பதில்: மேலே ‘கஸ்டமர்’ என்று லோக்கல் வேரியபிள் இருக்கும். ஜாவாவில் லாம்டா பாராமீட்டர் அதை மறைக்கக் கூடாது, கம்பைல் ஆகாது. எண்ணை அப்படியே விடாதீர்கள்; இன்டெலிஜேயில் ஷிஃப்ட்+எஃப்6, விஎஸ் கோடில் எஃப்2 தட்டி நல்ல பெயராக மாற்றுங்கள்.

கேள்வி: சி ஷார்ப்பில் சில இடங்களில் ‘எக்ஸ்’ அடித்து ஸ்பேஸ் தட்டினால் வேறு ஏதோ கிளாஸ் பெயராகிவிடுகிறது. தொல்லை தாங்கவில்லை.

பதில்: அங்கே லாம்டா வரலாம் என்பது எடிட்டருக்குப் பிடிபடவில்லை, பெரும்பாலும் முன்னால் உள்ள கோட் பாதியில் நிற்பதால். பிடிபட்டால் விஷுவல் ஸ்டூடியோ தானே சஜஷன் மோடுக்குப் போகும், பட்டியலில் ‘லாம்டா எக்ஸ்பிரஷன்’ என்று ஒரு வரி தெரியும், ஸ்பேஸ் எதையும் தேர்ந்தெடுக்காது. கையால் மாற்ற கன்ட்ரோல்+ஆல்ட்+ஸ்பேஸ். அப்போதைக்கு எஸ்கேப் தட்டினாலும் பட்டியல் மூடிவிடும்.

இன்னொன்று: சி ஷார்ப்பில் தயாராக இருக்கும் டெலிகேட்களில் (ஃபங்ஷனுக்கான டைப்களில்) ஃபங்க் என்றால் ‘ஆர்க்’, ஆக்ஷன் என்றால் ‘ஓபிஜே’ என்ற உப்புச்சப்பில்லாத பெயர்தான் அறிவிப்பிலேயே இருக்கிறது. உங்கள் ஏபிஐயைப் பிறர் பயன்படுத்தப் போகிறார்கள் என்றால், பெயர் வைத்த சொந்த டெலிகேட் எழுதுவது நல்லது.

கேள்வி: கோட்லினில்?

பதில்: ஃபங்ஷன் டைப்புக்குள்ளேயே பெயர் எழுதலாம். ஃபோல்டில் ‘ஏசிசி’, ஃபார்ஈச்இன்டெக்ஸ்டில் ‘இன்டெக்ஸ்’ வருவது அதனால்தான். ஒரே பாராமீட்டர் என்றால் தானாகவே வரும் ‘இட்’ என்ற பெயர் இருக்கிறது. ஆனால் லாம்டாவுக்குள் லாம்டா வந்தால் பெயர் வைத்துவிடுங்கள்.

கேள்வி: டைப்ஸ்கிரிப்டில் கால்பேக் டைப்பை ‘(ஸ்ட்ரிங்) => வாய்டு’ என்று எழுதினேன். எடிட்டரின் ஹின்ட்டில் ‘ஸ்ட்ரிங்: எனி’ (எந்த டைப்பும் ஆகலாம்) என்று காட்டுகிறது, அண்ணா.

பதில்: டைப்ஸ்கிரிப்டில் ஃபங்ஷன் டைப்புக்குப் பாராமீட்டர் பெயர் கட்டாயம். நீங்கள் எழுதியதை அது ‘ஸ்ட்ரிங் என்ற பெயருள்ள, டைப் சொல்லப்படாத பாராமீட்டர்’ என்று படிக்கிறது. ‘(நேம்: ஸ்ட்ரிங்) => வாய்டு’ என்று எழுதுங்கள். நோஇம்ப்ளிசிட்எனி ஆப்ஷன் போட்டிருந்தால் கம்பைலரே இதைப் பிடித்து, ‘ஆர்க்0: ஸ்ட்ரிங்’ என்றா எழுத நினைத்தீர்கள் என்று கேட்கும். அந்த ஆர்க்0ஐ மட்டும் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். நாளை உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடுபவரின் ஹின்ட்டில் அதுதான் தெரியும்.